குழாய்க்குள் ஒரு திமிங்கலம்

ஊரில் அவனைக் காதுக்காரன் என்பார்கள். தண்ணீர் வாரியத்தில் அவனுக்கு என்ன பதவி என்று கேட்டால் சம்பளப் பிரிவு எழுத்தரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். செய்கிற வேலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு அடியில் எங்கே குழாய் ஒழுகுகிறது என்று காதால் கேட்டுச் சொல்வது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தான். அதன் ஒரு நுனியைக் குழாயிலோ வால்விலோ ஊன்றி, மறு நுனியில் இருக்கிற மரக்குமிழில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பான். பஸ் போகும், பக்கத்துக் கடை ஷட்டர் தடதடவென்று இறங்கும், அவனுக்கு எதுவும் உறைக்காது. பிறகு கண்ணைத் திறந்து, "இங்க இல்ல, அந்த மஞ்சள் வீட்டு வாசல்கிட்ட" என்பான். தோண்டினால் அங்கேதான் இருக்கும்.

இப்படி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பவனுக்குப் பேச வராது. வராது என்பதைவிட, தேவைப்பட்டதில்லை. வீட்டில் பேச்சு என்பது மனைவியின் இலாகா. அவள் நகர நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். அவள் கதையை ஆரம்பித்துவிட்டால், அடுத்த அறையில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள்கூடப் பக்கத்தைத் திருப்பாமல் ஒட்டுக்கேட்பார்கள்.

அப்படிப்பட்டவளுடைய குரல் ஒருநாள் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்று நினைத்தார்கள். மருந்து சாப்பிட்டும் போகவில்லை. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்ன முடிச்சு இருக்கிறது, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எடுத்தும் விட்டார். ஆனால் அதற்குப் பிறகு சொன்னதுதான் இடியாக இறங்கியது. புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

"கிசுகிசுத்தாத்தான் இன்னும் கெடுதல்" என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லாமல் அவனைப் பார்த்துச் சொன்னார், காவலுக்கு ஆள் போடுவதுபோல.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிள்ளைகளின் எழுதுபலகை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முதல் நாளே அதில் எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சனிக்கிழமை நீங்கதான் கதை சொல்லணும்."

"நானா?"

அவள் பலகையைத் துடைக்காமல் 'நீங்கதான்' என்பதற்குக் கீழே கோடு போட்டாள்.

"வேற யாராவது…"

இன்னொரு கோடு.

விஷயம் இதுதான். ஆபரேஷனுக்கு முன்பு அவள் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து திமிங்கலக் கதைகள் சொல்லத் தொடங்கியிருந்தாள். கடலோர மக்கள் சொல்லிவந்த பழங்கதைகள் என்று புத்தகத்தின் முகப்பில் போட்டிருந்தது. ஓர்க்கா என்கிற திமிங்கலத்தின் கதையை ஆரம்பித்து, அது குரல் தேடிப் புறப்பட்ட இடத்தில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு பெற்றோரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் என்ன ஆச்சு, குரல் கிடைச்சுதா இல்லையா?

சனிக்கிழமை வந்தது. சிறுவர் பிரிவில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தையல்காரர் மகள். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வாள் என்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளை ஒட்டியே, முன்பல் இரண்டும் விழுந்துவிட்ட ஒரு வாண்டு. அவனை எல்லோரும் ஓட்டைப்பல் என்று கூப்பிட்டார்கள், அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பான். மனைவி புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் பலகையோடு உட்கார்ந்தாள்.

காதுக்காரன் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கதையை முதலிலிருந்து படித்தான். கரண்ட் பில் படிப்பதுபோல் படித்தான்.

முன்பெல்லாம் கடலில் எல்லாவற்றுக்கும் குரல் இருந்தது, ஓர்க்காவுக்கு மட்டும் இல்லை. நண்டுக்குச் சொடக்கு இருந்தது, மீனுக்கு முணுமுணுப்பு இருந்தது, சிப்பிகூட மூடும்போது ஒரு சத்தம் போட்டுக்கொண்டது. கறுப்பும் வெள்ளையுமாக அவ்வளவு அழகாக இருந்த ஓர்க்கா ஊமையாகக் குரல் தேடித் திரிந்தது. ஒருநாள் கரையில் ஒரு பெண் வலை பின்னிக்கொண்டே பாடுவதைக் கேட்டது. தினமும் பாறைக்குப் பின்னால் வந்து நின்றது. வார்த்தைகள் அதற்குப் பிடிபடவில்லை. மெட்டு மட்டும் பிடிபட்டது. பிறகு ஒருநாள் கடலை மூடிக்கொண்டு பனி இறங்கியது. அவள் கணவனின் படகு நடுக்கடலில் மாட்டிக்கொண்டது. கரையில் நின்று அவள் பாடினாள், கத்தினாள். குரல் பனிக்குள் போய் அங்கேயே அமுங்கிவிட்டது. அப்போதுதான் ஓர்க்கா முதல்முறையாக வாயைத் திறந்தது. தண்ணீருக்குள் அந்த மெட்டைப் பாடியது. படகில் இருந்தவன் காலுக்கு அடியில் ஏதோ அதிர்வதை உணர்ந்து, குனிந்து பலகையில் காதை வைத்தான். 'இது எங்க வீட்டுப் பாட்டாச்சே' என்றான். சத்தம் பெரிதாகிற பக்கமாகத் துடுப்புப் போட்டான். கரை வந்துவிட்டது.

படித்து முடித்து நிமிர்ந்தபோது பின்வரிசையில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி ஷூ கயிற்றை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மனைவி 'இன்னும் கொஞ்சம் ஏத்தி இறக்கி' என்று கையால் காட்டினாள்.

அப்போது வக்கீல் கையைத் தூக்கினாள்.

"மாமா, மேல காத்துல கேக்காத பாட்டு கீழ தண்ணில மட்டும் எப்படிக் கேக்கும்? தண்ணிக்குள்ள காது அடைச்சுக்குமே."

அவன் வாயைத் திறந்தான். முதல்முறையாக அவனுக்கு என்ன சொல்வது என்று தெரிந்தது.

"காத்துல சத்தம் சீக்கிரம் களைச்சுப்போயிடும். தண்ணில வேகமாப் போகும், ரொம்ப தூரமும் போகும். இரும்புல இன்னும் வேகம். இருங்க, வரேன்."

புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே ஓடி, வாரியத்து வேனில் இருந்த கம்பியை எடுத்து வந்தான். சிறுவர் பிரிவின் சுவரோரமாக, முழங்கால் உயரத்தில், கழிப்பறைவரைக்கும் ஒரு தண்ணீர்க் குழாய் போயிற்று. வக்கீலைக் கழிப்பறைக் கடைசிக்கு அனுப்பி, அங்கே குழாயை நகத்தால் சுரண்டச் சொன்னான். இந்தப் பக்கம் கம்பியை ஊன்றி, ஒவ்வொருவராகக் காதை வைக்கவிட்டான். சுவர், கதவு, நடைபாதை எல்லாவற்றையும் தாண்டி நகம் சுரண்டுவது காதுக்குள்ளேயே சுரண்டுவதுபோல் கேட்டது. தூங்கிய பையன் எழுந்துவிட்டான். வரிசையில் முண்டியடித்தார்கள்.

ஓட்டைப்பல்லின் முறை வந்தது. காதை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"போதும்டா, அடுத்தவன் வரட்டும்."

"ஸ்ஸ்" என்றான் ஓட்டைப்பல். "திமிங்கலம் பாடுது."

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் கழிப்பறையிலிருந்து திரும்பி வந்து, "நான் சுரண்டுறதை எப்பவோ நிறுத்திட்டேனே" என்றாள். காதுக்காரன் சிரித்துக்கொண்டே குமிழில் காதை வைத்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடியிலிருந்து, மிகத் தூரத்தில், ஒரு முனகல் எழுந்தது. மெல்ல மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று, வழுக்கிக் கீழே இறங்கியது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஏறியது. ஒழுகல் என்றால் விடாமல் சீறும். பம்ப் என்றால் ஒரே தாளத்தில் உறுமும். குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டால் விக்கும். இத்தனை வருஷத்தில் அவன் கேட்ட எதிலும் இது சேரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றும் போய்விட்டது.

மனைவி முன்னால் வந்து நின்று கண்ணாலேயே கேட்டாள். பலகையை எடுக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

"தெரியல" என்றான் அவன்.

அவள் பலகையில் எழுதினாள். "உங்களுக்கேவா?"

அந்த வாரம் முழுக்க அவனுக்கு அதே நினைப்பு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்கு வந்து குழாயில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. சாயங்காலம் வந்து வைத்தான். யாரோ கை கழுவுவதுதான் கேட்டது. வாரியத்தில் உடன் வேலை செய்கிறவர்களிடம் அந்த முனகலை வாயாலேயே செய்து காட்டினான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார் மூத்தவர் ஒருவர், ரொம்ப அக்கறையாக.

வீட்டிலும் திமிங்கலம்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உண்மைச் செய்திகள் தனியாகப் போட்டிருந்தார்கள். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மனைவிக்குப் படித்துக் காட்டினான். ஓர்க்காக்கள் குடும்பம் குடும்பமாக வாழும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று சில கூப்பாடுகள் உண்டு, குட்டிகள் அதைக் கேட்டுக் கேட்டே பழகிக்கொள்ளும். நீண்ட பாட்டுப் பாடுவது கூன்முதுகுத் திமிங்கலம். அதிலும் ஆண்கள்தான்.

"பாரேன், ஆம்பளைங்கதான் பாடுறாங்களாம்" என்றான்.

அவள் எழுதினாள். "பொம்பளைங்களுக்கு வேலை இருக்கும்."

எழுதிவிட்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அவன் அன்றைக்குப் பேசியதுபோல் அந்த வீட்டில் என்றைக்கும் பேசியதில்லை. அவளும் இடைமறிக்காமல் கேட்பது அதுதான் முதல்முறை. இருவருக்குமே அது புதிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாயில் இடமில்லை. விஷயம் பரவி, அண்ணன் தங்கைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் இரண்டாவது கதையைச் சொன்னான். இந்தமுறை புத்தகத்தைப் பார்த்துப் படிக்கவில்லை. வாரமெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்ததால் கதை தானாக வந்தது.

கடலில் ஒரு பாட்டுக்காரத் திமிங்கலம் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு மீன்கள் தூங்கின, நண்டுகள் தூங்கின, அலைகூடச் சோம்பல் முறித்தது. திமிங்கலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே போயிற்று. பனிப்பாறை உடையும்போது ஒரு கிறீச்சு கேட்டது, அதை எடுத்துக்கொண்டது. பழைய கப்பல் ஒன்று முனகிக்கொண்டு போயிற்று, அதையும் எடுத்துக்கொண்டது. மழை கடலைத் தட்டியதை எடுத்துக்கொண்டது. திரும்பி வந்து பாடியபோது மீன்கள் எல்லாம் கண் விழித்தன. மற்றத் திமிங்கலங்கள் அதையே பிடித்துக்கொண்டன. அன்றிலிருந்து கடலில் பழைய பாட்டு மெல்லப் போவதும் புதுப் பாட்டு வருவதும் வழக்கமாகிவிட்டது.

"அப்ப பழைய பாட்டு?" என்று கேட்டாள் வக்கீல். "அது எங்க போச்சு? யாருக்காவது ஞாபகம் இருக்குமா?"

"கதையில சொல்லல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குழாயடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஓட்டைப்பல் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். பாட்டு வந்துவிட்டது.

மனைவி சட்டென்று வரைதாள்களையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்துப் போட்டு, பிள்ளைகளைப் படம் வரைய உட்காரவைத்தாள். வாசலைக் காட்டி அவனை நோக்கிக் கையை வீசினாள். போங்க, சீக்கிரம்.

அவன் கம்பியோடு தெருவில் இறங்கினான். நூலக வாசல் வால்வின் மூடியைத் தூக்கிக் கம்பியை ஊன்றினான். கேட்டது. இடப்பக்கம் அடுத்த வால்வுக்கு ஓடினான். மங்கிப்போயிற்று. திரும்பி வலப்பக்கம் ஓடினான். தையல் கடை வாசலில் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "ஒழுகலா?" என்றார்.

"இல்ல, பாட்டு."

தையல்காரர் மறுபடியும் மெஷினை ஓட்டினார். வீட்டில் மகளிடமிருந்து நிறையக் கேட்டிருப்பார்போல.

மருந்துக்கடை முனையில் இன்னும் பெரிதாகக் கேட்டது. இப்போது முனகலுக்கு அடியில் ஒரு தாளம்கூடத் தெரிந்தது. சாலை அங்கிருந்து மேடேறியது. மேட்டின் உச்சியில் நகராட்சியின் நீச்சல் குளம். அதன் மதில் ஓரத்து வால்வில் காதை வைத்ததும் அவனுக்குக் கழுத்து மயிர் சிலிர்த்துக்கொண்டது. திமிங்கலம் உள்ளேதான் இருந்தது.

நுழைவுச் சீட்டுக் கொடுப்பவரிடம் வாரிய அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. குளத்தின் ஓரத்தில் ஒரு பயிற்சியாளர் உதட்டில் விசிலோடு நின்றிருந்தார். தண்ணீரில் தலைகள் இல்லை. கால்கள்தான் இருந்தன. தலைகீழாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரே வரிசையில் ஏழெட்டு ஜோடிக் கால்கள். எல்லாம் நடுத்தர வயதுக் கால்கள். ஒரே நேரத்தில் மடங்கின, ஒரே நேரத்தில் நீண்டன, ஒன்று மட்டும் சற்றுத் தாமதமாக. வெளியே துளிச் சத்தம் இல்லை.

"இவங்க எதைக் கேட்டு ஆடுறாங்க?" என்று கேட்டான்.

"தண்ணிக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு சார்" என்றார் பயிற்சியாளர். "தலை கீழ இருக்கும்போது மேல வெச்சா கேக்காதே. அதனால உள்ளயே இறக்கிட்டோம். சனிக்கிழமை காலைல மட்டும்தான்."

காதுக்காரனுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. பாட்டின் மெல்லிய சுரங்கள் இத்தனை தூரக் குழாயில் தேய்ந்துபோய், தடித்த சுரங்கள் மட்டும் நூலகம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன. அதுதான் முனகல்.

அப்போதுதான் தாமதமாக மடங்கிய அந்தக் காலைக் கவனித்தான். கணுக்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்தத் தழும்பை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவனைப் பின்னால் உட்காரவைத்துச் சைக்கிள் ஓட்டி, இருவருமாகச் சாக்கடையில் விழுந்தபோது பட்டது.

"அக்கா?"

கால்கள் மறைந்தன. மஞ்சள் ரப்பர் தொப்பியும் மூக்கில் கிளிப்புமாக அவனுடைய அக்கா மேலே வந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். சனிக்கிழமைகளில் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போவதாகத்தான் குடும்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒருகணம் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கிளிப்பைக் கழற்றினாள். "மூட்டுக்குத்தான்டா வரேன்" என்றாள். "யார் சொன்னா உனக்கு?"

"குழாய் சொல்லுச்சு."

"விளையாடாதே. வீட்டுல சொல்லிடாதே, கேலி பண்ணியே கொன்னுடுவாங்க."

அவன் கண் குளத்துக்குத் தண்ணீர் வருகிற குழாயைத் தேடியது. வேறொரு நினைப்பு உள்ளே குறுகுறுக்க ஆரம்பித்திருந்தது. குளத்துக்குத் தண்ணீர் மேலேயிருந்து விழ வேண்டும். குழாய்க்கும் குளத்துக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் குளத்துக்குள் பாடுகிற பாட்டு குழாய்க்குள் ஏற முடியாது. ஏறுகிறது என்றால், எங்கேயோ இந்தத் தண்ணீரும் குடிதண்ணீரும் கையைக் கோத்துக்கொண்டிருக்கின்றன. பாட்டு வருகிற வழியில் தண்ணீரும் வரலாம். இன்றைக்கு வராது, மெயின் குழாயின் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை பழுதுபார்க்கும் வேலைக்காக இந்த வட்டாரக் குழாயை மூடப்போவதாக வாரியம் வீடு வீடாக அறிவித்திருந்தது. மூடினால் அழுத்தம் போய்விடும். குளம் மேட்டில் இருக்கிறது. இத்தனை பேர் குளித்த தண்ணீர் பின்னோக்கி இறங்கி, மருந்துக்கடை, தையல் கடை, நூலகம் என்று எல்லாக் குழாய்க்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

குளத்தின் மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டான். அவர் நிதானமானவர். அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "பம்ப் அறைக்கு வாங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்றார். அங்கே சுவருக்குப் பின்னால், எப்போதோ ஒரு பழுதின்போது யாரோ நேராக இணைத்துவிட்ட குழாய் ஒன்று இருந்தது. பழைய வரைபடத்தில் அது இல்லை. அதை மூடித் திறக்க ஒரு கைச்சக்கரம் மட்டும் இருந்தது.

"இதுதானான்னு எப்படி உறுதியாத் தெரியும்?" என்று கேட்டார் மேலாளர்.

"பாட்டை நிறுத்தாதீங்க. ஒரு போன் வேணும்."

நூலகத்துக்குப் போன் போட்டான். எடுத்தார்கள். எதிர்முனையில் மௌனம். அவளேதான்.

"நீ பேசிடாதே" என்றான். "குழாய்ல யாரையாவது காதை வைக்கச் சொல்லு. பாட்டு கேட்டா போனை ஒரு தட்டுத் தட்டு. கேக்கலைன்னா ரெண்டு தட்டு."

சிறிது நேரம் பிள்ளைகளின் கசமுசா கேட்டது. பிறகு ஒரு தட்டு, மோதிரத்தால் தட்டியது போல.

மேலாளர் அம்மா சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். துருப்பிடித்திருந்ததால் முனகிக்கொண்டே சுற்றியது.

"இப்ப?"

இரண்டு தட்டு.

கொஞ்சம் திறந்தார்கள். ஒரு தட்டு. மூடினார்கள். இரண்டு தட்டு. மேலாளர் அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போனில் இன்னும் தட்டு விழுந்துகொண்டேயிருந்தது. நாலு, ஐந்து, ஆறு, எண்ண முடியாத வேகத்தில்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

யாரோ ஒரு பிள்ளை போனைப் பிடுங்கியது. வக்கீல். "மாமா, மிஸ் 'என்னன்னு சொல்லுங்க'ன்னு பலகையில எழுதி எழுதி என் மூஞ்சிக்கு நேரா காட்டுறாங்க. எங்க இருக்கு திமிங்கலம்?"

மதியத்துக்குள் வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து அந்தக் குழாயை வெட்டி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வேலை தங்குதடையில்லாமல் நடந்தது. லீவு போடச் சொன்ன மூத்தவர் வந்து, அந்த முனகலை இன்னொருமுறை செய்து காட்டச் சொல்லிக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் பிள்ளைகள் அவனை மன்னிக்கத் தயாராக இல்லை. அடுத்த சனிக்கிழமை ஓட்டைப்பல் குழாயில் காதை வைத்துவிட்டு, கண்ணில் நீர் தளும்ப நிமிர்ந்தான்.

"திமிங்கலத்தைக் கொன்னுட்டீங்களா?"

"டேய், அது திமிங்கலம் இல்லடா. எங்க அக்காவோட ஆட்டத்துக்குப் போட்ட பாட்டு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அலமாரியருகே மனைவியின் கண் அகல விரிந்தது. பலகையில் பென்சில் பறந்தது. "எந்த அக்கா? என்ன ஆட்டம்? எத்தனை நாளா? ஏன் என்கிட்ட சொல்லல?" பலகையில் இடம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினாள்.

வேறு வழியில்லாமல் அன்றைக்குச் சாயங்காலம் அவளை அக்கா வீட்டுக்கே அழைத்துப் போனான். அக்கா முதலில் மழுப்பினாள். பிறகு கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். அக்காவும் மனைவியுமாக, ஒருத்தி சத்தமாகவும் ஒருத்தி சத்தமில்லாமலும், வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்து வரலாம் என்ற யோசனை அக்காவுடையதுதான். "எங்களையும் யாராவது பார்க்கட்டுமே" என்றாள்.

மேலாளர் அம்மா சம்மதித்தார். பெற்றோர் துணையோடு பிள்ளைகள் குளத்துக்கு வந்தார்கள். பெண்கள் மஞ்சள் தொப்பிகளோடு ஆடிக் காட்டினார்கள். அக்காவின் கால் இந்தமுறையும் சற்றுத் தாமதம்தான். ஆனால் கைதட்டல் அதற்குத்தான் அதிகம். பிறகு பயிற்சியாளர் பாட்டை மாற்றினார். எங்கிருந்தோ ஒரு நிஜத் திமிங்கலப் பதிவைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். பிள்ளைகளை ஆழமில்லாத பக்கம் இறக்கி, மூச்சைப் பிடித்துத் தலையை மட்டும் முக்கச் சொன்னார்.

ஒவ்வொருவராக முங்கினார்கள். மேலே வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உடனே மறுபடியும் முங்கினார்கள். ஓட்டைப்பல்லை அவனுடைய அப்பா கையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்ற வேண்டியிருந்தது.

"மாமா, நீங்க?" என்றாள் வக்கீல்.

காதுக்காரன் சுற்றிலும் பார்த்தான். தண்ணீரோடு காலமெல்லாம் வேலை என்றாலும் தண்ணீருக்குள் அவன் தலையை விட்டதே இல்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். மடித்ததில் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் இடுப்புவரை வந்தது. அக்கா நீந்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருந்தா என் கையை அமுக்கு."

"பயம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினான். மூச்சை இழுத்துக்கொண்டு தலையை முக்கினான்.

முதலில் தன்னுடைய இதயம்தான் கேட்டது. பிறகு அது வந்தது. நீளமாக, ஏறி, நின்று, இறங்கி. குழாயில் கேட்டது இதற்கு நிழல்கூட இல்லை. பழக்கதோஷம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடினான். இடப்பக்கம் திரும்பினான். அங்கிருந்துதான் வந்தது. வலப்பக்கம் திரும்பினான். அங்கிருந்தும் வந்தது. காலடியிலிருந்து, மண்டையோட்டுக்குள்ளிருந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்திருந்தும் காது அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பயமும் போய்விட்டது. மூச்சு முட்டிய பிறகுதான் மேலே வந்தான்.

வக்கீல் காத்துக்கொண்டிருந்தாள். "எங்க இருந்து வருது, சொல்லுங்க."

"தெரியல."

"உங்களுக்கேவா?"

"எனக்கேதான். தண்ணிக்குள்ள நம்ம காதுக்குத் திசை பிடிபடல."

"அப்ப குட்டித் திமிங்கலத்துக்கு அம்மா எந்தப் பக்கம் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். ஓர்க்காவுக்குத் தாடை எலும்பு வழியாகச் சத்தம் காதுக்குப் போகும் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் படித்திருந்தான். அதைச் சொன்னான். "ஆனா திசை எப்படின்னு எனக்கு நிஜமாவே தெரியாது" என்றும் சொன்னான்.

கரையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் டாக்டர் தினம் சில வார்த்தைகள் பேச அனுமதித்திருந்தார். காலையிலிருந்து அவள் அவற்றைச் செலவழிக்காமல் வைத்திருந்தாள். இப்போது குனிந்தாள். குரல் மெல்லியதாக, கொஞ்சம் புதிதாக வந்தது.

"என்ன மாதிரி இருந்துது?"

அவன் சொல்ல முயன்றான். நீளமா, இல்ல, அகலமா. யாரோ கூப்பிடுற மாதிரி. இல்ல, அதுவும் இல்ல. கடைசியில் அவளுக்குக் கையை நீட்டினான். அவள் எழுதுபலகையைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் காலை வைத்தாள்.